சாமிக்குப் போட்ட சங்கிலி

என் அண்ணன் வெள்ளியங்கிரியின் மனைவி பாவாயி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். நங்கையாவைப் பற்றிச் சொல் என்றால், அவள் பின்னிய பூ விரிப்புகளைப் பற்றிச் சொல்வேன் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு நான் எதற்கு? பீரோவைத் திறந்தால் தெரிந்துபோகிறது. அவள் வெட்கத்தில் தலை நிமிராமல் இருந்த காலத்தைத்தான் நான் சொல்வேன். எனக்கும் எழுத்துத் தெரியாது. என் வாயில் வருவதை அப்படியே நீ எழுதினால் போதும், மெருகு போடவேண்டாம்.

அண்ணனுக்கு மேட்டூரில் தொழிற்சாலை வேலை. அணை கட்டி முடித்து, கம்பெனிகள் வந்து, வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள் எழும்பிய சமயம். படித்த பெண்தான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். மல்லசமுத்திரத்தில் பெண் பார்க்கப் போனபோது நங்கையாவின் அப்பா, "பொண்ணு மூணாங்கிளாசு வரைக்கும் படிச்சிருக்குதுங்க" என்றார். நங்கையா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் ஆடு மேய்த்ததைத் தவிர அந்தப் பக்கமே அவள் போனதில்லை. யாரும் அவளை நேராகக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது.

அண்ணன் தினமும் பேப்பர் வாங்குவார். படித்து முடித்ததும் கட்டில்மேல் போட்டு, "மத்தியானத்துல நீ படி" என்று சொல்லிவிட்டுப் போவார். வேலை இடத்தில், "எங்கூட்டுல பேப்பரெல்லாம் படிக்கும்" என்று மனைவியைப் பற்றிப் பெருமை பேசுவாராம். நங்கையா அதை விரித்து, கொஞ்சம் கசக்கி, வேறு பக்கம் மேலே வருகிறமாதிரி மடித்து வைப்பாள். வீட்டுத் துணைக்கு என்று நான் அங்கே போய் இருந்தபோது இதைப் பார்த்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி, உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைய எங்கப்பன் ஊட்டுக்கே அனுப்பீருவாரு."

"சொல்லமாட்டேன் நங்கையா," என்றேன். சொல்லவுமில்லை.

அவளுக்குக் கொக்கி ஊசிப் பின்னல் கைவந்திருந்தது. உடைந்த குடையின் கம்பியைக் கல்லில் தேய்த்து அவளே ஊசி செய்து வைத்திருந்தாள். யார் வீட்டு மேஜையில் எந்தப் பூ விரிப்பைப் பார்த்தாலும், நாலு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து அப்படியே பின்னிவிடுவாள். அதனால்தான் சாரதாமணியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

சாரதாமணியம்மா சூப்பர்வைசர் வீட்டுக்காரம்மா. சேலத்தில் ஹைஸ்கூல் படித்தவர். சனிக்கிழமை தோறும் வரிசை வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்துத் தையல், பின்னல் என்று சொல்லிக்கொடுப்பார். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. கம்பெனியின் வெள்ளைக்கார என்ஜினியர் பட்டாளத்துக்குப் போகிறார் என்று பிரிவு உபசாரம் வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு சதுரம் பின்னி, ஒன்றாகக் கோத்து, ஒரு பெரிய மேஜை விரிப்பாகக் கொடுக்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஏற்பாடு. இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் இருந்ததைத் தமிழில் மாற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"மாதிரி ஒண்ணு இருக்குதுங்களா?" என்று நங்கையா கேட்டாள்.

"மாதிரி எதுக்கு? எழுதியிருக்கிறபடி போட்டால் தானா வந்துடும்."

நங்கையா தாளை வாங்கிப் பார்த்தாள். கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டாள். "வந்துருமுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கேள் என்றேன். "உனக்குக் கிறுக்கா?" என்றாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் ஆசையாகக் கேட்கிறமாதிரி அண்ணனிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். அவள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொள்வாள்.

அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தபடி படித்தார். "வரிசை தொடங்கும்போது மூன்று சங்கிலி போடவும். கீழ் வரிசைக் கம்பங்களின் தலைமேல் ஒவ்வொரு கம்பமாக எழுப்பவும். வரிசை முடிந்ததும் திருப்பவும். இதென்ன, ஊடு கட்றாங்களா பின்னறாங்களா?" ஊசியில் நூலைச் சுற்றி எழுப்புவதைக் கம்பம் என்றும், வெறுமனே கோத்துக்கொண்டு போவதைச் சங்கிலி என்றும் சாரதாமணியம்மா பெயர் வைத்திருந்தார். அண்ணன் நடுவில் பூ வருகிற இடம் வரைக்கும் படித்தார். அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. தாளை என் கையில் திணித்தார்.

"கடைசியில ஒரு வரி இருக்குது. அதை உன்ற நங்கையாவையே படிச்சுச் சொல்லச் சொல்லு."

அவர் போனபிறகு அடுப்படிப் பக்கம் போனேன். எட்டிப் பார்த்தேன். நங்கையா வாயசைத்து, கேட்டதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கடைசி வரியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

எங்கள் களத்தில் சோளம் அளக்கும்போது முதல் வள்ளம் சாமிக்கு. அது கணக்கில் சேராது. தனியாகக் கொட்டிவிட்டு, அடுத்ததைத்தான் ஒன்று என்பதற்குப் பதில் "லாபம்" என்று சொல்லி எண்ண ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் ரெண்டு, மூணு. நங்கையாவுக்குக் கை அப்படித்தான் பழகியிருந்தது. ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் மூன்று சங்கிலியைப் போட்டு "சாமிக்கு" என்பாள். பிறகு கீழ் வரிசையின் முதல் தலைமேலேயே ஊசியைக் குத்தி "லாபம்" என்று எண்ணுவாள். கண்ணால் பார்த்துப் பின்னிய காலத்தில் கூடக் குறைய வந்தால் பார்வையிலேயே சரிசெய்துகொள்வாள். இதிலோ பார்ப்பதற்கு மாதிரி இல்லை. எழுதினபடி போட்டால் தானாக வரும் என்று அந்த அம்மா சொன்னதை நம்பிவிட்டாள்.

வரிசைக்கு ஒன்று கூடி, துண்டு அகலமாகிக்கொண்டே போனது.

"நங்கையா, இது சதுரமாட்ட இல்லையே."

"வெள்ளைக்காரன் சதுரம் இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது. பேசாம இரு."

சனிக்கிழமை எல்லோரும் தங்கள் துண்டுகளைப் பாயில் பரப்பினார்கள். ஒன்றோடு ஒன்று ஓரம் ஒட்டி உட்கார்ந்தது. நங்கையாவின் துண்டு மட்டும் ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்து கிடந்தது. குமாரபாளையத்து முத்தாயம்மாள், ஃபோர்மேன் சம்சாரம், வாய்த் துடுக்குக்காரி. அதைக் கையில் எடுத்துப் புடைக்கிறமாதிரி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"பாவாயக்கா, தொரை இதுல கொள்ளுப் பொடைக்கறதுக்குங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நங்கையாவும் கூடச் சிரித்தாள். சாரதாமணியம்மா துண்டை வாங்கிப் பார்த்தார். அவர் கேலி செய்கிறவர் அல்ல.

"கடைசி வரியை விட்டுட்டீங்க, அவ்வளவுதான். தாளைக் கொண்டுவந்திருக்கீங்களா? சத்தமா படிங்க. மத்தவங்களுக்கும் ஞாபகம் வரட்டும்."

நங்கையா தாளை விரித்தாள். விரலை வைத்தாள். "வரிசை தொடங்கும்போது மூன்று சங்கிலி போடவும்" என்று ஆரம்பித்தாள். அண்ணன் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாரோ அந்த இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். ஒரு சொல் பிசகவில்லை. நான் என் சேலை நுனியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதிய இடம் வந்தது. குரல் நின்றுவிட்டது. விரல் மட்டும் கடைசி வரியின் மேல் இருந்தது.

"ம், படிங்க."

விரல் நகரவில்லை. முத்தாயம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"கண்ணு சித்தெ மங்கலா இருக்குதுங்க," என்றாள் நங்கையா. "கடைசி எழுத்தெல்லாம் பொடிசா இருக்குது."

சாரதாமணியம்மா நம்பினாரோ என்னவோ, அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் நல்ல மனசுக்காரர்களால் வருகிற கஷ்டத்துக்கு மருந்தில்லை. தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார், அவர் அண்ணனைக் கூப்பிட்டு, "உன் சம்சாரத்துக்குக் கண்ணு சரியில்லையாமே, கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பதறிப்போய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஏம் புள்ள, எங்கிட்டச் சொல்லறதுக்கென்ன? நாளைக்குச் சேலம் போலாம்."

"வேண்டாமுங்க. தானா சரியாப் போயிருமுங்க."

"கண்ணு தானா சரியாப் போகுமா? கெளம்பு."

என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்கள். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். வழியெல்லாம் அண்ணன் அவளுக்குச் சன்னல் ஓரத்தைக் கொடுத்து, புகை படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

கண் டாக்டரின் அறையில் சுவரில் ஒரு அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சிறிய எழுத்து. பின்னால் பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நங்கையாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார் டாக்டர்.

"மேலே இருக்கிறதைப் படிங்கம்மா."

நங்கையா அட்டையை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"அதுகூடத் தெரியலையா?"

"தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"கறுப்பா சுழிச்சுட்டு இருக்குதுங்க. அடியில மூலையில ஈ உக்காந்த கறை ஒண்ணு இருக்குது. அதும் தெரியுதுங்க."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் முன்னால் வந்தார். "டாக்டர்கிட்ட என்ன வெளையாட்டு? அந்த எழுத்து என்னன்னு சொல்லு."

நங்கையா கண்ணை மூடியிருந்த கையை எடுத்துவிட்டாள். அண்ணனைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தே சொன்னாள்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க. எழுத்துத்தான் தெரியாதுங்க."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். "கண்ணுல ஒரு குறையும் இல்லப்பா. கூட்டிட்டுப் போ" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும்போது அண்ணன் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வழியில் பஸ்ஸை நிறுத்திக் கரி போட்டார்கள். அவர் இறங்கி அந்தப் புகையிலேயே நின்றார். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணாங்கிளாசுன்னு உங்கப்பன் சொன்னது?"

"பொய்யிங்க. நான் பேசாம இருந்ததும் பொய்யிங்க."

அடிக்கவில்லை, திட்டவில்லை, ஊருக்கும் அனுப்பவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால் என்னிடம் கேட்பார். காலையில் பேப்பரைப் படித்ததும் கட்டில்மேல் போடாமல், நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு நங்கையா அந்த வெறும் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பிரிவு உபசாரத்துக்கு அவள் போகவில்லை. அவள் துண்டு வரவேண்டிய இடத்தில் முத்தாயம்மாள் இன்னொன்று பின்னிக் கோத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். தண்ணீர்க் குழாய்க்குக்கூட மற்றப் பெண்கள் வந்துபோன பிறகுதான் போவாள். எல்லோரும் அதை மறந்திருப்பார்கள் என்று நான் சொன்னால், "நீ பேசாத" என்பாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவளே தாளை எடுத்து மடியில் செருகிக்கொண்டு கிளம்பினாள். நானும் ஓடினேன். பாயில் எல்லோரும் இருக்கும்போதே நின்றபடி சொன்னாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அன்னிக்குக் கண்ணுன்னு சொன்னது பொய்யிங்க."

சாரதாமணியம்மா எழுந்தே விட்டார். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா பாவாயி?"

"சொல்ல முடிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே."

முத்தாயம்மாள் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். நங்கையா உட்கார்ந்தாள்.

அந்த ஒரு தாளிலேயேதான் அவள் சாரதாமணியம்மாவிடம் எழுத்துப் படித்தாள். அதில் இருப்பதெல்லாம் வாயில் ஏற்கெனவே இருந்தது. எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவேண்டியதுதான். சந்தைக் கூட்டத்தில் சொந்தக்காரரை அடையாளம் காண்கிறமாதிரி முதலில் சங்கிலியைக் கண்டுகொண்டாள். தாளில் பல வரிகளில் அது இருந்தது. கடைசி வரி மட்டும் வாயில் இல்லாதது. சாரதாமணியம்மா சொல்ல வாயெடுத்தபோது தடுத்துவிட்டாள். "அதைய மட்டும் சொல்லாதீங்க. நானே படிக்கோணும்." சரியாகப் பின்னினால் போதும் என்றால் அந்தப் பெண்கள் ஒரு நிமிஷத்தில் பின்னிக் காட்டியிருப்பார்கள். அதையும் பார்க்கமாட்டேன் என்றாள். அந்தத் துண்டு தூக்குவாளிக்குள் அப்படியே கிடந்தது. அவ்வளவு முரண்டு.

மழைக்காலம் போய்ப் பனியும் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நங்கையா நிலைப்படியில், வெளிச்சம் விழுகிற இடத்தில் தாளோடு உட்கார்ந்தாள். அவருக்குக் கேட்கவேண்டும் என்று படித்தாளா, அங்கேதான் வெளிச்சம் இருந்ததா, தெரியாது.

"தொடக்... கத்தில்... போட்ட... மூன்று சங்கிலி... யையே... முதல்..."

நின்றுவிட்டாள். அடுத்த சொல் வாயில் இருந்ததுதான், இந்த இடத்தில் பிடிபடவில்லை. விரல் அதன்மேல் முன்னும் பின்னும் ஊர்ந்தது. காது சிவந்துவிட்டது.

"கம்பமாக," என்றார் அண்ணன். பேப்பரைத் தாழ்த்தவில்லை. முகமும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் சொல் அது.

"முதல் கம்பமாக... எண்ணவும்," என்று அவள் முடித்தாள்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் சுருங்கிப்போனது. "இத்தனூண்டா?" என்றாள். "இத்தனூண்டுக்கா?"

தூக்குவாளியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தாள். நூல் முனையைப் பிடித்து அடிவரை இழுத்துப் பிரித்தாள். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. அந்த நூலிலேயே மறுபடி ஆரம்பித்தாள். மூன்று சங்கிலியைப் போட்டு வழக்கம்போல "சாமிக்கு" என்றாள். கை முதல் தலைமேல் போய், நின்று, அதைத் தாண்டி அடுத்ததில் குத்தியது.

"ரெண்டு" என்றாள்.

மறுநாள் காலை சங்கு ஊதியதும் அண்ணன் போய்விட்டார். பேப்பர் கட்டில்மேல் இருந்தது. நங்கையா அதைக் கையில் எடுத்தாள். சங்கிலியும் கம்பமும் அதில் எங்கேயும் இல்லை. அவர் மடித்திருந்தபடியே திரும்ப வைத்தாள். சாயங்காலம் வந்து அண்ணன் அந்த மடிப்பைப் பார்த்தார்.

"படிக்கலயா?"

"இன்னும் வரலீங்க."

"செரி," என்றார். "சோத்தைப் போடு."