பாதிப் பாடம்

டிரைவரின் வீட்டில் குக்கர்கூட டீச்சரைக் கேட்காமல் விசில் அடிக்காது. படுக்கையறை மூலையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு லேப்டாப். அதுதான் அவர் மனைவியின் பள்ளிக்கூடம். அரசாங்கம் நடத்தும் ஆன்லைன் பள்ளியில் அந்த அம்மாள் கணக்கு டீச்சர். நாளெல்லாம் பஸ் ஓட்டிக் களைத்து வருகிற மனுஷன் சொந்த வீட்டிலேயே பூனை மாதிரி நடக்க வேண்டும்.

"தும்மல் வந்தா தெருவுல போய்த் தும்மிட்டு வாங்க" என்று டீச்சர் ஒருநாள் சொல்லியே விட்டார்.

டிரைவர் முணுமுணுப்பாரே தவிர, உள்ளுக்குள் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. டீச்சரின் வகுப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு சிறுமி படித்தாள். எழுந்து நடக்க முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டே ஒருத்தன் படித்தான். வகுப்பு முடிந்தாலும் டீச்சர் எழுந்துவிட மாட்டார். புரியாத பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்துவைத்து மறுபடி சொல்லிக்கொடுப்பார்.

"சோறு ஆறிப்போச்சு, டீச்சரம்மா."

"அவளுக்குப் பின்னம் இன்னும் பிடிபடலைங்க. நீங்க சாப்பிடுங்க."

இந்தப் பள்ளிக்குத்தான் கல்விக் குழு வேட்டு வைக்கப் பார்த்தது. கட்டடம் இல்லை, பெஞ்சு இல்லை, திரையில் பேசுவது பாதிப் பாடம்தானே, ஒரு பிள்ளைக்கு ஒதுக்கும் பணத்தில் இனிப் பாதி போதும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பாதிப் பணம் என்றால் பாதி டீச்சர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிஞ்சுகிறவர்கள் இரண்டு பங்கு பிள்ளைகளைக் கட்டி மேய்க்க வேண்டும். அப்புறம் யாரைப் பிடித்துவைத்துப் பின்னம் சொல்லிக்கொடுப்பது?

அந்தத் தீர்மானத்துக்கு ஓட்டெடுக்கும் கூட்டத்தில் பேச, மற்ற டீச்சர்கள் இவரைத்தான் அனுப்பினார்கள். டிரைவரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். மண்டபம் நிறைய ஆட்கள். குழு உறுப்பினர்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர் போயிருந்த உறுப்பினர் ஒருவர் சுவரிலிருந்த பெரிய திரையில் தெரிந்தார். வர முடியாதவர்கள் ஆன்லைனில் சேர்ந்துகொள்ள எல்லாருக்கும் லிங்க் அனுப்பியிருந்தார்கள்.

டீச்சர் மைக் முன்னால் போய் நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை முகங்களை ஒரே அறையில் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டு, டீச்சர் லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

'போச்சு, ஓடியே போயிட்டா' என்று டிரைவர் தலையில் கைவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பெரிய திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது. அதில் டீச்சர்! காதில் ஹெட்போன், பின்னால் வராந்தாச் சுவர்.

"எல்லாருக்கும் கேக்குதா? நான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். நேர்ல நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்குது, மன்னிச்சுக்கோங்க. பின்னாடி சிரிச்சவங்க, புரியலைன்னா கேளுங்க, மறுபடி சொல்றேன்."

இப்போது மண்டபமே சிரித்தது. அதன் பிறகு டீச்சர் பேசினார் பாருங்கள்! தண்ணீர் பட்டபாடாகப் பேசினார்.

"பெஞ்சுக்கும் கட்டடத்துக்கும் நாங்க பணம் கேக்கலைங்க. புரியாத பிள்ளைய விட்டுட்டுப் போகாம, கூடவே உக்காந்து சொல்லிக்குடுக்க ஆள் வேணும். அதுக்குத்தான் கேக்கறோம்."

டீச்சர் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

"திரையில வந்தா பாதின்னு சொல்றீங்க. என் பக்கத்துக் கட்டத்துல உங்க உறுப்பினர் இருக்காரு. இப்ப ஓட்டு எடுக்கப்போறீங்க. அவரோடது அரை ஓட்டா, முழு ஓட்டா?"

குழுத் தலைவி திரையைப் பார்த்தார். திரையிலிருந்த உறுப்பினர் நெளிந்தார்.

"முழு ஓட்டுதாம்மா" என்றார் தலைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். "தீர்மானம் வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முதலில் திரையிலிருந்தவரின் கை உயர்ந்தது. அப்புறம் மேடையில் ஒன்று, இன்னொன்று, மளமளவென்று பெரும்பாலான கைகள்.

டிரைவரும் கையைத் தூக்கினார்.

"உங்களுக்கு ஓட்டு கிடையாதுங்க" என்று பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தெரியும்" என்றார் டிரைவர். கையை இறக்கவில்லை.