தறிக்குழியும் நாத்தனார் முகமும்

என் மூத்தவன் தவழ ஆரம்பித்தபோது எங்கள் நகரி வீட்டில் இருந்தது ஒரே ஒரு கூடம். கூடத்தின் நடுவில் குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். இடுப்பளவு ஆழம். நெய்தவள் நான். என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையை வளர்த்தவள் நாத்தனார். கல்யாணமாகாதவள், சுவரோரம் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொள்வாள்.

தவழ ஆரம்பித்த புதிதில் அவனுக்குப் பள்ளம் மேடு தெரியவில்லை. நேராகக் குழிக்குள் தலையை விடுவான். நாத்தனார் ஓடிவந்து காலைப் பிடித்து இழுப்பாள். மூன்று நான்கு வாரம் போனதும் தானாகவே மாறினான். விளிம்பு வந்ததும் நிற்பான். ஒரு கையால் உள்ளே துழாவுவான், ஒன்றும் தட்டுப்படாவிட்டால் பின்வாங்குவான். இதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பின்வாங்கும் முன் ஒரு தடவை தலையைத் திருப்பி முகம் பார்ப்பான். என் முகத்தை அல்ல, அவள் முகத்தை.

பெற்றவள் நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, பயப்படலாமா வேண்டாமா என்று அவளைக் கேட்கிறான்! எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் தறியை நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கி நின்று, "வாடா கண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை அகல விரித்திருந்தாள். அவன் அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டான்.

"ஏன்டி மூஞ்சிய அப்டி வெச்சிக்கினு கொயந்தைய பயமுறுத்தற?"

"நான் சும்மாதான் அண்ணி குந்திக்கினு கீறேன்."

சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள், பாவம். அவன் அவள் முதுகைப் பார்த்து அழுதானே தவிர என்னிடம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராஸ் பக்கம், நகரி ஆந்திராவில் என்று ஆனது. ஊரே மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திருத்தணியில் மாப்பிள்ளை அமைந்தது. "பொண்ணு ராஜ்யம் தாண்டிப் போவுது" என்று கல்யாணத்தில் கேலி செய்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்.

அவள் போன மூன்றாம் நாள், தறியின் மறுகோடியில் நின்று பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவன் விளிம்புக்கு வந்து நின்றான். சுவரோரம் பார்த்தான். ராட்டினம் மட்டும் இருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

அதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! முகமெல்லாம் மலர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நம்பி அவன் கையை எடுத்து முன்னால் வைத்தான்.

நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் மிதிகட்டை பட்டு உச்சந்தலைக்குப் பக்கத்தில் தோல் பிளந்திருந்தது. புண் ஆறி, மேலே முடி வளர்ந்து மறைத்துக்கொண்டது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

திருப்பதியில் அவனுக்கு முடி இறக்கியபோது நாத்தனாரும் திருத்தணியிலிருந்து வந்திருந்தாள். கத்தி மழித்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு தெரிந்தது. அவள் அதை விரலால் தடவினாள்.

"எப்டி அண்ணி இது?"

"தறிகிட்ட தவந்துகினு போயி உயுந்துட்டான்."

"பக்கத்துல யாருமே இல்லியா?"

"இல்ல" என்றேன்.