தீர்த்தம் தெளித்த சிப்பாய்க் கத்தி

கை மயிரை மழித்துக் காட்டிக் கத்தியைப் புகழ்கிறவனிடம் எனக்கு இன்றைக்கும் மரியாதை கிடையாது. சவரம் செய்கிறவருக்கு அது போதும். இலை வெட்டுகிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை.

நான் புறக்கோட்டையில் ஒரு சுருட்டுக்கடையில் புகையிலை நரம்பு கிழித்து, இலை வெட்டிப் பிழைத்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. குடியிருந்தது கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில். யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த உயிர்த்த ஞாயிறு, என் மூத்த மகன் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். பொழுதுபடும்வரை அவனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. என் மனைவி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை உயிரோடு வந்தால் அடுத்த குருத்தோலைத் திருநாளுக்குச் சுவாமியார் பவனியில் கையில் பிடிக்கிற தென்னங்குருத்தை ஒரு கறை, ஒரு கிழிசல் இல்லாமல் நம் வீட்டிலேயே பின்னிக் கொடுப்பது என்று. விளக்கு வைக்கிற நேரம் அவன் உடம்பெல்லாம் எண்ணெயும் கரியுமாக நடந்து வந்து சேர்ந்தான். தேவனுக்குத் தோத்திரம்.

மறு வருஷம் தபசு காலம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் கோயில் சபைக்குத் தலைவர். குருத்தோலையில் முதல் வெட்டு சபைத் தலைவர் கையால் விழவேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். அந்த மனுசர் அந்த வருஷம் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் கத்தி ஒன்று வாங்கியிருந்தார். மடக்குகிற கத்தி அல்ல. அலகு பிடியோடு இறுகி நிற்கிற, உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான குட்டிக் கத்தி. தோல் உறை, உறைக்கு ஒரு பித்தளைப் பொத்தான். ஒழுங்கையில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்தித் தன் முழங்கையை மழித்துக் காட்டினார். திருநாள் வருமுன்னே அவருடைய இடது கை மொட்டையாகிவிட்டது.

"பார் மச்சான், வெள்ளைக்காரன்ட உருக்கு. உன்ட கடைக் கத்தியை இதுக்குப் பக்கத்தில வைக்கவும் வெட்கம்" என்றார்.

"எதை வெட்ட வாங்கினீங்க?"

"எதையும் வெட்டும்."

வாங்கிப் பார்த்தேன். முதுகு என் சுண்டுவிரல் கனம். அந்தக் கனத்திலிருந்து கூர்வரைக்கும் ஆப்பு மாதிரி இறங்குகிறது. கூர் என்னவோ கூர்தான், ஆனால் கூருக்குப் பின்னால் வருவது கத்தி அல்ல, உளி. பிடியைத் தட்டினால் பாதியில் சத்தம் பொத்தென்று மாறியது. அலகின் வால் பிடிக்குள் பாதிவரை மட்டும்தான் போயிருக்கிறது, மிச்சம் வெறும் கட்டை. விரல் வழுக்காமல் இருக்க என்று குறுக்கே ஒரு தகடு வேறு. அந்தத் தகடு இருக்கும்வரை அலகின் அடிப்பாகத்தால் ஒன்றையும் வெட்ட முடியாது. ஆளைக் குத்த அது உதவும். ஆண்டவர் பாடுபட்ட வாரத்தில் நாங்கள் யாரைக் குத்தப் போகிறோம்?

"உறை நல்ல உறை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அதை அவர் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கத்தியைச் சுவாமியாரிடம் நீட்டி, மந்திரித்துத் தரச் சொன்னார். சுவாமியார் அவசரத்தில் இருந்தார். தாராளமாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். தீர்த்தத்தைத் துடைப்பது பாவம் என்று இவர் கத்தியை ஈரத்தோடே உறையில் செருகிப் பொத்தானையும் போட்டார். தீர்த்தத்தில் உப்புச் சேர்த்துத்தான் மந்திரிப்பார்கள் என்பது கோயிலில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். உருக்குக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் என் மைத்துனர் வத்தளையிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு குருத்துக் கொண்டுவந்தார். யுத்த காலத்தில் அதற்கு மேல் கிடைக்கவில்லை. சபைத் தலைவர் எங்கள் முற்றத்தில் வந்து குந்தினார். கத்தி உறையை விட்டு வர மறுத்தது. இழுத்து எடுத்தால் அலகு முழுக்கச் செம்புள்ளி.

"துரு ஏறியிருக்குதே" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? நல்ல உருக்குக்கு இப்பிடித்தான் நிறம் வரும்" என்று உடுத்திருந்த சாரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, குருத்தில் வைத்து அழுத்தினார்.

மெல்லிய கத்தி இலைக்குள் போனால் கத்தி முன்னால் போகும், பிளவு பின்னால் வரும். இந்த ஆப்பு உள்ளே போன மாத்திரத்தில் பிளவு கத்தியை முந்திக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடியது. நல்ல வெள்ளைக் குருத்து நுனிவரை கோணலாகக் கிழிந்து, கிழிந்த ஓரமெல்லாம் துருக்கறை. என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"குருத்து முத்தல்" என்று சொல்லிவிட்டு அவர் மற்றதுக்குக் கையை நீட்டினார்.

அதுவும் போனால் நேர்த்தி போச்சு. ஆனால் தீர்த்தம் பட்ட கத்தியை, அதுவும் முதல் வெட்டுக்கு உரிமைக்காரர் கையிலிருந்து, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

மனைவிதான் எழும்பி வந்தாள். "அண்ணே, முதல் வெட்டு உங்கட கையால விழுந்திட்டுது. இனிக் கத்தியை இஞ்ச தாங்கோ."

"ஏன்?"

"மந்திரிச்ச சாமான் எல்லே? மந்திரிச்ச செபமாலையால யாரும் சாமான் கட்டுறதா? அதுக்கு ஒரு இடம் இருக்கு."

வெளுத்த துணி ஒன்றை மாதா படத்துக்குக் கீழே விரித்து, கத்தியை இரண்டு கையாலும் வாங்கிப் படுக்க வைத்து, மெழுகுதிரி கொளுத்தினாள். அவர் மறுக்க வழியில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன், அவரைப் பாராமல். கத்தியை அங்கே வைத்தது தந்திரத்துக்கு இல்லை, மனசாரத்தான் வைத்தேன் என்று அவள் சொல்லுவாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

பிறகு நான் என் கடைக் கத்தியைச் சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் புகையிலை நாற்றம் போகக் கழுவினேன். தீட்டித் தீட்டிக் காகிதமாய்த் தேய்ந்த அலகு. அதைப் பார்த்தால் ஒருவரும் அரைச் சதமும் கொடுக்கமாட்டார்கள். குருத்து நூல் பிடித்தது போல நேராகப் பிரிந்தது. அவள் செபம் சொல்லிச் சொல்லிப் பின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பவனியில் போனார். வெயிலில் வெள்ளை வெளேரென்று இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் சபைத் தலைவர் நாலு பேரை வைத்துக்கொண்டு, "சுவாமியார் பிடிச்சதா? அது நம்மட கத்தியால வெட்டினதுதான். மந்திரிச்ச கத்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டைக் கை வேறு நீண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"நேர்த்தி முடிஞ்சுது. வாங்கோ, பிள்ளை பின்னேரம் வேலைக்குப் போகவேணும், சோறு போடணும்."

மகன் எங்களுக்கு முன்னால் தோளில் ஓலையோடு நடந்துகொண்டிருந்தான்.