சாம்பியன் சட்டை

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். இடம், கோலார் தங்க வயலில் ஆண்டர்சன்பேட்டை, எங்கள் தெரு. அன்றைக்கு என் வேலை போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. என் சாமர்த்தியத்தால்தான் போகவே இருந்தது.

பெங்களூரில் ஒரு கம்பெனியில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பில் கணக்குகளைப் பார்க்கும் வேலை எனக்கு. விடியற்காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு அதே ஸ்டேஷனில் இறங்குகிறவன். எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாம்பியன் என்பது ஒரு தங்கச் சுரங்கத்தின் பெயர். சுரங்கத்தை வைத்து அந்தப் பகுதிக்குப் பெயர், பகுதியை வைத்து ஸ்டேஷனுக்குப் பெயர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஸ்டேஷன் போர்டு மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த வார்த்தைக்கு ‘ஜெயித்தவன்’ என்று ஓர் அர்த்தம் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அதை எங்கே பார்த்தாலும் என் கண்ணுக்கு முதலில் தெரிவது ஸ்டேஷன்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அமெரிக்க மேனேஜர் தங்கமான மனிதர். அவருக்கு இருந்த ஒரே வியாதி ஃபுட்பால். நம் ஃபுட்பால் இல்லை, அவர்கள் ஃபுட்பால். பந்து முட்டை மாதிரி இருக்கும், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிரில் வருகிறவன் ஆளோடு சேர்த்துச் சாய்ப்பான். காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஏன் அந்தப் பெயர் என்று ஒருமுறை கேட்டேன். அரை மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்டதில்லை.

அவர் ஊர் அணிக்கு, ஒரு காலத்தில் அங்கே தங்கம் தோண்ட வந்து குவிந்த கூட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நிறம் சிவப்பு. அவர் சின்ன வயதில் அந்த அணி வரிசையாகக் கோப்பை வாங்கிய காலம் ஒன்று இருந்ததாம். பிறகு வறட்சி. கோப்பைக்குக் கிட்டே வந்து வந்து தோற்பதுதான் தொழில். ஆனாலும் அவர் அப்பா ஸ்டேடியத்தில் தன் பழைய சீட்டை விடவில்லை. மேட்ச் அன்று குடும்பமே காலையில் போய், நாம் ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் அடுப்பு மூட்டுவதைப்போல, ஸ்டேடியம் வாசலில் காரை நிறுத்திக் கறி சுடுமாம். ஜெயித்துக்கொண்டே இருக்கிற வரைக்கும் மேனேஜர் தன் அதிர்ஷ்டச் சட்டையைத் துவைக்கமாட்டார். அந்தச் சட்டைக்காகவே அந்த அணி தோற்க வேண்டும் என்று அவர் மனைவி வேண்டிக்கொள்வதாகக் கேள்வி.

இதெல்லாம் எங்களுக்கு ஏன் என்றால், திங்கட்கிழமை அவரோடு வீடியோ மீட்டிங்கில் உட்காரும் முன் முந்தின நாள் மேட்ச் என்ன ஆனது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். அவர்கள் ஜெயித்திருந்தால் எந்தப் பில்லும் பாஸாகும். தோற்றிருந்தால் அன்றைக்கு மழை, வெயில், இவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அந்த வருஷம் அந்த அணி ஃபைனல் வரை போய் மயிரிழையில் தோற்றது. மேனேஜர் மூன்று நாள் மீட்டிங்குக்கு வரவில்லை. ‘ஒரு பெரிய இழப்பு’ என்று மட்டும் தகவல் வந்தது. எங்கள் டீம் லீடர் அம்மா பதறிப்போய், உங்கள் குடும்பத்தின் துயரத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம் என்று உருக்கமாக ஓர் இரங்கல் அனுப்பினார். அவரும் அதை வாங்கிக்கொண்டு, உங்கள் வார்த்தைகள் ஆறுதலாக இருந்தன என்று பதில் போட்டார். அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு சட்டம். இனி அவர் எதிரில் அந்த ஃபைனலைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது.

சில மாதங்கள் கழித்து அவரே பெங்களூர் வந்தார். வேலையை எங்களிடமே வைத்திருப்பதா, வேறு நாட்டுக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யத்தான் வந்தார். கொடுத்துவிட்டால் எங்கள் மொத்த டீமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்த அன்று ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று விசாரித்தார். நான் கோலார் தங்க வயல் என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தங்கமா, சுரங்கமா, உன் குடும்பத்தில் யாராவது தோண்டியிருக்கிறார்களா என்று கேட்டார். என் மாமனார் சாம்பியன் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர்தான் என்றேன். சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் என் சாமர்த்தியம் உள்ளே வருகிறது.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் என் மச்சானுக்கு ரெடிமேட் கடை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பெங்களூர் மார்க்கெட்டில் அவன் ஒரு மூட்டை டி-ஷர்ட் எடுத்துவந்திருந்தான். புத்தம் புதுசு, சிவப்பு, நெஞ்சில் ஒரு கடப்பாறை படம், பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் ‘சாம்பியன்ஸ்’. ஒரே வாரத்தில் மூட்டை காலி. “எங்கப்பா சாம்பியன்ல மேஸ்திரி, எனக்கு ரெண்டு எடுத்து வைப்பா” என்று கேட்டு வாங்கினார்கள். ஊரிகாம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, “இன்னாப்பா, சாம்பியன்காரனுக்கு மட்டுந்தான் சட்டையா? ஊரிகாம் மைன் பேரு போட்டது எப்ப வரும்?” என்று சண்டையே போட்டார். என் மாமனார் அதைப் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். எங்கள் வீட்டுக்கு வந்த சட்டையை வைத்து என் மனைவி என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சட்டையில் சின்ன எழுத்தில் மேனேஜருடைய அணியின் பெயரும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பல்பு எரிந்தது. தெரு முழுக்க அவர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேற்றால் மனிதர் உருகிவிடமாட்டாரா? வெள்ளிக்கிழமை ராத்திரியே வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். டீம் லீடர் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. நல்ல பெயர் முழுசாக எனக்கே வரட்டும் என்ற எண்ணம்.

சனிக்கிழமை கார் தெருவுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் சிவப்புச் சட்டைகள். பென்ஷன்காரர்கள் முன்வரிசையில், ஷிஃப்டுக்கு நிற்கிற மாதிரி நேராக நிற்கிறார்கள். தமுக்கு அடிக்கிறவரும் அதே சட்டை. காரை விட்டு இறங்கிய மேனேஜர் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஒரு கூச்சல் போட்டார். நான், அவரோடு காரில் வந்திருந்த டீம் லீடர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தேன்.

மேனேஜர் இரண்டடி எடுத்து வைத்தார். நின்றார். தூக்கிய கை தானாக இறங்கியது. முகம் வெளுத்துப்போனது. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அவர் என் மாமனாரின் நெஞ்சைக் காட்டி, மெதுவாக, நீங்கள் சாம்பியன்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமனாருக்குப் பூரித்துவிட்டது. சுரங்கத்தில் துரைமாரிடம் பேசிப் பழகிய ஆங்கிலம் அவருடையது. “எஸ் சார்! சாம்பியன்! தர்ட்டி இயர்ஸ் சாம்பியன்! மை ஃபாதர் சாம்பியன்!” என்றார். பிறகு தெரு வீடுகளைக் காட்டிக் கையை ஒரு சுற்றுச் சுற்றி, “திஸ் லைன் ஃபுல் சாம்பியன், சார்!”

ஒவ்வொரு ‘சாம்பியனு’க்கும் மேனேஜர் ஒரு குத்து வாங்கியவர் மாதிரி பின்னால் போனார்.

அப்போதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்தச் சட்டையை முதன்முதலாக முழுசாகப் படித்தேன். உலக சாம்பியன்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே ‘எல்’ என்ற எழுத்தும் பக்கத்தில் சில கோடுகளும். இத்தனை நாள் அதை லார்ஜ் சைஸ் என்று நினைத்திருந்தேன். மச்சான் அப்படித்தான் விற்றான், “எல்லாமே எல் சைஸ்தான் மாமா, யாருக்கும் பத்தும்” என்று. அது சைஸ் இல்லை. ஃபைனல்களுக்கு அவர்கள் போடுகிற ரோமன் நம்பர். அதுவும் எந்த ஃபைனல்? எதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தோமோ அதே ஃபைனல். அதில் தோற்ற அணியே ஜெயித்ததாக எங்கள் தெருவே நெஞ்சில் எழுதிக்கொண்டு, தமுக்கு அடித்து, அவர் முன்னால் நிற்கிறது.

டீம் லீடர் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வண்டிக் கடன் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. போதாக்குறைக்கு மச்சான் ஒரு புதுச் சட்டையை எடுத்துவந்து மேனேஜரின் தோளில் பொன்னாடை போலப் போர்த்தினான். “எல் சைஸ், சார்” என்று விரலை வைத்து அந்த நம்பரையே காட்டினான்.

மேனேஜர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை அந்தச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தமுக்கு நின்றது. மாமனார் என் காதருகே வந்து, “இன்னாங்க மாப்ள, துரை அழுவறாரு? நான் எதுனா தப்பா பேசிட்டனா?” என்றார்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும்தான் இருந்தார். மூச்சு வாங்க வாங்க அவர் சொன்ன கதை இது. ஃபைனல் முடிந்த நிமிஷமே ஜெயித்தவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டுமே, அதனால் இரண்டு அணிக்கும் முன்கூட்டியே சாம்பியன் சட்டை அச்சடித்து வைத்துவிடுவார்களாம். தோற்ற அணியின் சட்டை அந்த நாட்டில் வெளியே வரவே கூடாது. மூட்டை கட்டித் தூரதேசம் எங்கேயாவது அனுப்பிவிடுவார்களாம். அப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. அது எப்படியோ சுற்றி, சாம்பியன் என்று பெயர் வைத்த ஊருக்கே வந்துசேர்ந்திருக்கிறது.

பிறகு திடீரென்று போனை எடுத்து அவர் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். எங்களுக்கு மத்தியானம், அங்கே தூங்கப் போகிற நேரம். அந்தத் தாத்தா அந்த ஃபைனலுக்குப் பிறகு மேட்ச் பார்ப்பதையே நிறுத்திவிட்டாராம். உடம்பும் சரியில்லை, யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். தலையணையில் சாய்ந்தபடி ஒரு நரைத்த முகம் திரையில் வந்தது. மேனேஜர் போனைத் தெருவைச் சுற்றிக் காட்டினார். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ‘சாம்பியன்!’ என்று ஒரே கூச்சல்.

அந்த முகம் அசையவில்லை. பிறகு கரகரப்பாக, எவ்வளவு என்று மட்டும் கேட்டது. எத்தனை பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்ற கேள்வி அது. மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் மாமனார் போனுக்குள் தலையை விட்டார். சாம்பியன் எவ்வளவு என்று ஒரு துரை கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான், சுரங்கத்தின் ஆழம்.

“டென் தவுசண்ட், சார்! டென் தவுசண்ட் ஃபீட்!”

திரையில் கிழவரின் வாய் கோணியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் போன் கை நழுவி, எங்களுக்கு அவர் வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. கூரையைப் பார்த்தபடியே தெரு முழுக்கச் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மாமனாருக்கு நிச்சயமாகத் தெரியாது. “பத்தாயிரத்துக்கு மேலயே இருக்கும் மாப்ள, நான் கொறச்சித்தான் சொன்னேன்” என்றார்.

சாப்பாட்டுக்கு ராகிக் களியும் கறிக்குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொடுத்தாள். மேனேஜர் மென்றுதான் சாப்பிட்டார், ஆனால் மூன்று உருண்டை. போகும்போது மச்சானிடம் மிச்சமிருந்த சட்டைகளை வாங்கிக்கொண்டார். வண்டி துடைத்த சட்டையையும் விடவில்லை. துவைக்காத சட்டைக்குத்தான் ராசி அதிகமாம்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. வேலை எங்களிடமே இருக்கும். காரணம் என்ற இடத்தில் எங்கள் கணக்கு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘சாம்பியன்களை விட்டுவிட்டுப் போக முடியாது’ என்று ஒரே வரி. டீம் லீடர் அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு வந்த சீசனில் அந்த அணி மறுபடியும் உருப்படவில்லை. ஆனால் தாத்தா திரும்பவும் டி.வி. முன்னால் உட்காருகிறார். எங்கள் சிவப்புச் சட்டையோடு அவர் இருக்கும் படம் என் போனில் இருக்கிறது. தோற்கும்போதெல்லாம், பரவாயில்லை, நாம் இன்னும் பத்தாயிரம் அடி முன்னால்தான் இருக்கிறோம் என்கிறாராம்.

இப்போதும் விடியற்காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் நிற்கிறேன். சுரங்கம் இல்லை, தங்கம் இல்லை, பாதி ஊர் என்னோடு பெங்களூருக்கு ரயில் ஏறக் காத்திருக்கிறது, தலைக்கு மேலே போர்டு மட்டும் சாம்பியன் என்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது, தோற்ற பிறகும் கழற்றாமல் எங்கள் ஊர் போட்டுக்கொண்டிருக்கிற சட்டை அது என்று தோன்றுகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.