முன்பலகையில் ஓர் இடம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நான் ஸ்கூல் இன்ஸ்பெக்டர். திருமயம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட மாட்டுவண்டியில் போனேன். போய் இறங்கினால் பள்ளிக்கூடம் காலி! மூலையில் ரெண்டே பிள்ளைகள்; வாத்தியார் வெலவெலத்துப் போய் நிற்கிறார்.

விஷயம் இதுதான். எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கணும் என்ற உத்தரவுப்படி, ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து ரெண்டு பிள்ளைகளை அவர் சேர்த்திருக்கிறார். அதனால் ஊரார் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அந்த ரெண்டும்தான் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ரெண்டு பேரையும் கூப்பிட்டு முன்பலகையில் உட்கார வைத்தேன்.

அவ்வளவுதான், ஆம்பளைகள் கம்போடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "அதுக ரெண்டையும் வெளிய அனுப்புங்க. இல்லேன்னா ஒங்க வண்டி ஊரைத் தாண்டாது" என்றார் முன்னால் நின்றவர். எட்டிப் பார்த்தேன். வண்டி மாடுகளை அவிழ்த்து அங்கிட்டு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பொய் சொல்வானேன், அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ரெண்டு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டுத்தான் பாஸ் போடுவார். அன்றைக்கு வராத பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் கிடக்க வேண்டியதுதான். பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்ட அவசரத்தில் இதை யாருமே யோசிக்கவில்லை. நான் வருகைப் பதிவேட்டை எடுத்துச் சத்தமாகப் பேர் படித்தேன். "வரவில்லை. பாஸ் இல்லை." அடுத்த பேர். "வரவில்லை. பாஸ் இல்லை." வாசலில் நின்ற அப்பன்மார் முகமெல்லாம் மாறியது. ஆனாலும் யாரும் நகரவில்லை. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் உள்ளே கால் வைத்தார். நான் தலையைத் தூக்காமல் அடுத்த பேரைப் படித்தேன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்தார். என்னை மிரட்டினாரே, அவர் மனைவி!

"ஊர்க் கட்டுப்பாடுடி!" என்று கத்தினார் அவர்.

"நீங்க பாட்டுக்குக் கம்பைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. எம் மகளுக்கு ஒரு வருசம் போச்சுன்னா நீங்களா வந்து படிப்பீங்க?"

அந்தப் பொண்ணு தயங்கியது. அது வழக்கமாக உட்காருவது முன்பலகையில்.

"ஆத்தா, தள்ளி உக்காரவா?"

"எதுக்கு? ஒன் எடத்துல உக்காரு."

உட்கார்ந்தது, அந்த ரெண்டு பேரையும் ஒட்டி. உள்ளே கால் வைத்தவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். பாதிப் பேர் கடைசிவரை வரவே இல்லை. சாயங்காலம் மாடுகள் மட்டும் திரும்பி வந்தன.

சர்க்கார் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுங்கிய இடத்தில், வெறுங்கையோடு வந்து நின்ற அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.