லைனில் இருக்கும் அம்மா

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வீதி போட வந்த சீன இஞ்சினியர்கள் ஆறு பேருக்கு, கண்டி டவுனில் ஒரு டியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்தேன். டியூட்டரி முதலாளிக்குத் தன் ஆங்கிலத்தில் அப்படியொரு கர்வம். தேநீர்க் கடையில் ஒரு பிளேன்டி கேட்பதற்கே தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அவரிடம் வேலை கேட்டுப் போனபோது சொந்த இடம் வத்தேகம டவுன் என்றேன். டவுனிலிருந்து நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று மைல் மலையேற வேண்டும் என்பதை விழுங்கிவிட்டேன். மூன்று வருடம் விழுங்கினேன். என்னைப்போல ஒரு கோழையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சீனர்களில் ஒருவர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குவார். அன்று 'லைன்'. கோடு, கம்பி, தண்டவாளம், கவிதை வரி, ஆட்கள் காத்து நிற்கும் வரிசை என்று அகராதியில் இருந்த அத்தனையும் எழுதியாயிற்று. பிறகு வீதி வரைபடத்தை விரித்து, வத்தேகமைக்கு மேலே விரல் வைத்தார்.

"இங்கேயும் லைன் என்று போட்டிருக்கிறது. கம்பி தேடிப் போனேன். கம்பி இல்லை. மனிதர்கள் இருக்கிறார்கள்."

வாசலில் நின்ற முதலாளி சிரித்தார். "அது தோட்டத்து ஆளுங்க பேசுற கொச்சை. இங்கிலீஷே இல்ல. அத கொப்பியில எழுத வேணாம்னு சொல்லுங்க மாஸ்டர்."

கொச்சையாம்! தொழிலாளிகளைக் குடும்பத்துக்கோர் அறையாக ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைத்து, அதற்கு லைன் என்று பெயர் வைத்தவன் இவர் கும்பிடும் அதே வெள்ளைக்காரன்தான். நாமும் சளைத்தவர்களா? தமிழில் 'லயம்' என்று எழுதிச் சங்கீதமாக்கிவிட்டோம். தகரத்தில் மழை விழும்போது சங்கீதம்தான், அடுப்பில் ஒழுகும்வரை.

சீனர் பேனையோடு காத்திருந்தார். எந்தச் சொல்லுக்கும் அவருக்கு ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். முதலாளி என்னையே பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"என் அம்மா லைனில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. சீனருக்கு மட்டும் விளங்கவில்லை. அகராதியின் கடைசி அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வரிசையிலா? எதற்காக நிற்கிறார்?"

"சொந்தமாக ஒரு துண்டுக் காணிக்கு."

"முன்னால் எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை" என்றேன். "தாத்தாவும் அப்பாவும் நின்று நின்றே செத்துப்போனார்கள். இப்போது அம்மாதான் முதல் ஆள்."