தலையெண்ணும் நாளின் பச்சைப் பாவாடை

எங்கள் வீட்டில் துணிக்கு ஓய்வு கிடையாது. உடுத்தியது கிழிந்தாலோ சிறுத்தாலோ அம்மா அதை நாலாக வெட்டி அடுப்படிக்குக் கொண்டுபோய்விடுவாள். அங்கே ஆறு மாதம் பானை இறக்கும். பிறகு தரை துடைக்கும். அப்பாவின் நல்ல வேட்டி ஒன்று இப்படிப் படிப்படியாகப் பதவி இறங்கி, கடைசியில் கோழிக்கூட்டுக்குள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகையால் என் பச்சைப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்ததில் தப்பு ஒன்றும் இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

அது எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம். கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையில் இருந்தது பள்ளி. மொத்தம் நாலு வகுப்பு. இரண்டாம் வகுப்பு வரைக்கும் நான் அங்கேதான் படித்தேன். என்னோடு சேர்த்து வகுப்பில் எட்டுப் பேர், ஒரு டீச்சர். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பசு கன்று போட்டது என்பது வரை எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

தமிழ் படித்து நாளைக்கு என்ன செய்ய என்று அப்பாவுக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. அப்பாவுக்கு ஒன்று தோன்றிவிட்டால் பிறகு யாருக்கும் வேறு ஒன்றும் தோன்றக் கூடாது. மூன்றாம் வகுப்புக்கு என்னை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டு சேர்த்தார். தனுவச்சபுரம் போகும் காலேஜ் பிள்ளைகளின் கூட்டத்தில் இடிபட்டு, அரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். சாம்பல் நிறப் பாவாடை, கோடு போட்ட சட்டை, கழுத்தில் டை. வளரும் பிள்ளை என்று அம்மா எல்லாவற்றையும் இரண்டு அளவு பெரியதாகத் தைக்கச் சொல்லியிருந்தாள். அதற்குள் என்னைத் தேட வேண்டியிருந்தது.

எனக்கு மலையாளம் தெரியும். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறதாம். மூன்றாம் நாளே, தமிழ்க்காரர்களைக் கேலியாகக் கூப்பிடும் பாண்டி என்ற பேர் எனக்கு விழுந்துவிட்டது. பெஞ்சுக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். என்னோடு சேர்த்து வகுப்பின் எண்ணிக்கை ஒற்றைப்படை. கடைசி பெஞ்சில் யாரும் உட்காராத இடம் ஒன்று இருந்தது, அதில் நானும் என் பையும் உட்கார்ந்தோம். அந்த வருஷம் முழுக்க என் பக்கத்தில் இருந்தது அந்தப் பைதான். தனிமை என்று சொல்ல அந்த வயதில் வார்த்தை ஏது? வயிறு வலிக்கிறது என்றுதான் சொன்னேன். வாரத்துக்கு ஒரு நாளாவது வலித்தது. உண்மையாகவே வலித்தது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணை உறைக்குள்ளிருந்து பச்சைப் பாவாடையை எடுத்து உடுத்திக்கொள்வேன். அந்த வகுப்பின் எட்டுப் பேரில் நானும் ஒருத்தியாகக் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். முதலில் பாவாடை சரியாகத்தான் இருந்தது. ஓணம் கழிந்ததும் இடுப்புக் கொக்கி மாட்ட மறுத்தது. கிறிஸ்மஸ் லீவுக்குள் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. சட்டைப் பொத்தான்களை மூச்சை உள்ளே இழுத்துப் போட வேண்டும். மூச்சை விட்டால் அவை என்னை விட்டுவிடும். இருந்தாலும் நான் விடவில்லை. யூனிஃபார்ம் எங்கே என்று அம்மா கேட்டபோது எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். பாவாடையை முழுசாகக் கொண்டுபோகிற எலி எவ்வளவு பெரிசு என்று அம்மா கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

அடுத்த ஜூன் வந்தது. நான் நாலாம் வகுப்பு. பள்ளி திறந்து ஐந்தாம் நாள் சாயங்காலம், மழையில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் பழைய டீச்சர் வீட்டுக்கு வந்தாள். பாலராமபுரம் சேலையின் கரை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. அம்மாவும் அவளும் அடுப்படியில் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். அப்போதெல்லாம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் கல்வி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து வகுப்பில் இருக்கும் தலைகளை எண்ணுவார். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை டீச்சருக்கு வேலை உண்டு என்று முடிவாகும். எங்கள் பள்ளியில் அந்த வருஷம் ஒரு தலை குறைந்தது. நான் சேர்ந்த புதுப் பள்ளிக்கு அங்கீகாரம் வந்திருக்கவில்லை. அதனால் பழைய பள்ளியில் பேரை வெட்டி டி.சி. வாங்கி வா என்று யாரும் கேட்கவில்லை, ரெஜிஸ்டரில் நான் அங்கேயே இருந்தேன். தலை மட்டும்தான் வேண்டும். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்க சோலி போயிரும் பாத்துக்கிடுங்க, ஒரு நாளைக்குப் பிள்ளய விட்டா போரும்" என்று கெஞ்சினாளாம்.

எனக்கு அது ஒன்றும் தெரியாது. டீச்சர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என் மோவாயைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம எனக்க கிளாஸ் நடக்காது மக்கா. நாளைக்கு வருவியா?" என்று கேட்டாள். ஒரு வருஷமாக என்னிடம் யாரும் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. யூனிஃபார்முக்கு என்ன செய்ய என்று அம்மா கையைப் பிசைந்தபோது, நான் உள்ளே ஓடித் தலையணையோடு வந்து, இருவர் முன்னாலும் உறையை உதறினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எலி ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலையில், அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா கொக்கி மாட்டாத இடத்தில் ஒரு ஊக்கைக் குத்தி, அதை மறைக்கச் சட்டையை வெளியே இழுத்துவிட்டாள். பாவாடை முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. சானல் கரையில் நடந்து போகும்போது என்னைப் போல ஒரு ராணி இந்த நாட்டிலேயே கிடையாது.

வகுப்பில் என்னோடு முன்பு ஒரே பெஞ்சில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான். இந்த ஒரு வருஷத்தில் அவர்களுக்குள் புதிது புதிதாக விளையாட்டுகளும் சண்டைகளும் வந்திருந்தன, எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பரவாயில்லை, நாளைக்குப் பிடிபடும் என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் என் தலைமுடியை அவிழ்த்துத் தன் கையாலேயே பின்னிவிட்டாள். கேட்டால் பேரும் வகுப்பும் சொன்னால் போதும், வேறு ஒன்றும் பேசாதே என்றாள்.

பத்தரை மணிக்கு ஆபீஸ் சார் வந்தார். பென்சிலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார். என் பாவாடையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பேர் கேட்டார், வகுப்பு கேட்டார், சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். இங்கேதான் படிக்கிறாயா என்று மலையாளத்தில் கேட்டார். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

"ஓம் சார், இனி எப்பளும் இங்கதான்" என்றேன்.

அதைவிட உண்மையாக நான் என் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, சிரித்து, எண்ணிக்கையில் என்னையும் சேர்த்துக்கொண்டு போனார். அவர் சாயா குடித்து, கையெழுத்துப் போட்டு, குடையை விரித்துப் படியிறங்கியதும் டீச்சர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மிடுக்கி, கெட்டிக்காரி, என்ன மிடுக்கியாகச் சொல்லிவிட்டாய் என்று கன்னத்தைத் தட்டினாள். இதில் மிடுக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் புகழ்ச்சி கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்வதுதானே?

அடுத்த நாள் காலையில் அம்மா பழையபடி சாம்பல் பாவாடையையும் டையையும் எடுத்து வைத்திருந்தாள். வாதாடினால் காரியம் கெடும் என்று எனக்குத் தெரியும். பச்சைப் பாவாடையையும் வெள்ளைச் சட்டையையும் முதலில் உடுத்தி, நேற்றைய ஊக்கைக் குத்தி, அவற்றின் மேலே சாம்பல் பாவாடையையும் கோடு போட்ட சட்டையையும் உடுத்தினேன். தொளதொளவென்று தைத்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் கிடைத்தது. ஜங்ஷனில் பஸ் வந்தது, நின்றது, நான் ஏறாமல் போயிற்று. சானல் கரையில் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று மேலே இருந்ததையெல்லாம் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

நேற்று இடம் விட்டவள் இன்றைக்கு நகரவில்லை.

"நீ இன்னைக்கி எதுக்கு வந்த?" என்றாள். "உனக்க தலைய நேத்தே எண்ணியாச்சே."

அவள் பொல்லாதவள் இல்லை, தெரிந்ததைச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பெஞ்சின் நுனியில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் வந்தாள். தலையைத் தூக்காமல் ரெஜிஸ்டரைத் திறந்து பேர் கூப்பிடத் தொடங்கினாள். என்னுடையது மூன்றாவது பேர். அவள் இரண்டாவது பேரிலிருந்து நேரே நாலாவது பேருக்குப் போனாள். வாய் தாண்டிப் போனதே தவிர, பேனா மூன்றாவது இடத்தில் நின்று ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நகர்ந்தது. முன் பெஞ்சிலிருந்து அதைப் பார்த்தேன். எனக்குத்தான் ஆஜர் போட்டிருக்கிறாள் என்று உச்சி குளிர்ந்து போயிற்று. அங்கே பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு நின்ற நாளிலும், வயிற்றுவலியோடு வீட்டில் சுருண்டு கிடந்த நாளிலும் இந்த வகுப்பின் ரெஜிஸ்டரில் நான் ஒழுங்காக வந்துகொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

"ஹாஜர் டீச்சர்" என்றேன், என் பேர் வராவிட்டாலும்.

டீச்சர் தலையைத் தூக்கினாள். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். தூணுக்குப் பக்கத்தில் குனிந்து, இளகிப் போயிருந்த ஊக்கைச் சரியாக்கினாள். அதற்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியவில்லை.

"இந்தப் பாவாட உனக்கு இனி பத்தாது மக்கா" என்றாள் கடைசியில். "பத்தாதத உடுத்திட்டு இங்க வரப்பிடாது, கேட்டியா?"

அவளே குடை பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அம்மா என்னை அடிக்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் நம்பிக்கை போகவில்லை. டீச்சர்தான் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டாளே. பாவாடை பத்தாது, அதுதான் குறை. குறை தெரிந்தால் தீர்த்துவிடலாம்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்குச் சோறு பாதி போதும் என்று ஆகிவிட்டது. காலையில் புட்டை நாய்க்குப் போட்டேன். புதுப் பள்ளியில் டிஃபன் பாக்ஸை என் பைக்குப் பக்கத்தில் திறக்காமலே வைத்திருந்து திரும்பக் கொண்டுவந்தேன். பிள்ளை மெலிந்து போகிறாளே என்று அம்மா பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தாள். அதையும் சந்தோஷமாகக் குடித்தேன். மெலிவதற்கு உதவும் என்றால் எதையும் குடித்திருப்பேன். மூன்று விரல் இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று.

ஆடி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் கொக்கி மாட்டியது. ஊக்கு வேண்டாம், மூச்சை இழுக்க வேண்டாம், தானாக மாட்டியது. அடுப்படிக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"இப்ப பத்துது பாரும்மா" என்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பாவாடையின் இடுப்புக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் சுகமாக உள்ளே போயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்து என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பத்தாவிட்டால் அழலாம், பத்தியதற்கு யாராவது அழுவார்களா? சந்தோஷத்தில் அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கு மணியடிக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் அழுது முடிக்கட்டும் என்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன்.